அப்டேட்டுக்கு அசையாத தமிழ்

தையற்கடைக்காரி பிடிவாதத்துக்குப் பேர்போனவள். வாடிக்கையாளர்கள் நாள் குறித்துக்கொள்ள, கடையின் வலைத்தளத்தில் பிளகின் என்னும் துணைநிரல் ஒன்றைப் போட்டிருந்தாள். அது ஆங்கிலத்தில் பீற்றிக்கொண்டது. அதன் வாசகங்களை வரிவரியாகத் தமிழாக்கி, அந்தத் தமிழ்க் கோப்பைப் பிளகினின் ஃபோல்டருக்குள்ளேயே வைத்தாள். ஒவ்வொரு அப்டேட்டும் அந்த ஃபோல்டரைத் துடைத்தெறிந்து புதிதாக வைக்க, தமிழ் போன இடம் தெரியவில்லை.

“விட்டுத் தொலை,” என்றான் கணவன்.

“நானா விடுவேன்?” அப்டேட் தொடாத வெளி ஃபோல்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து, கோப்பை அங்கே குடிவைத்தாள். “இப்ப நீங்களே அப்டேட்டை அமுக்குங்க.”

அமுக்கினான். வட்டம் சுற்றி ஓய்ந்தது. திரையில் தமிழ் கல்லு மாதிரி நின்றது: ‘என்றைக்கு வருகிறீர்கள்?’

கணவன் தொண்டையைக் கனைத்தான். “என் சட்டைப் பொத்தான் மாசக்கணக்கா அறுந்து கிடக்கு…”

“அதான் தமிழ்ல கேக்குதே? நாள் குறிச்சிட்டு வரிசையில வாங்க.”