மாற்றமில்லை

1997 பெப்ரவரி 12, புதன்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். இராணுவச் சோதனைச் சாவடி வரிசையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நின்றது இருபது நிமிடம். ஏழு நாற்பதுக்கு ஆஸ்பத்திரியின் பல் சிகிச்சை அறையைத் திறந்தேன். முதல் வேலை கருவிகளைக் கொதிக்க வைப்பது, பிறகு பதிவேட்டில் தேதி எழுதுவது. பத்து மணிக்கு மூதூரிலிருந்து வரும் லோஞ்சுப் படகில் அத்தான் வந்து சேர்ந்தார்.

அத்தான் என் அக்காவின் கணவர். மூதூர்ப் பக்கம் கட்டைபறிச்சானில் வயல் செய்தார். ஒன்பது மாதங்களுக்கு முன், அவருடைய இடது கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெள்ளைத் திட்டைக் கண்டேன். துணியால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. அப்போதிருந்த டொக்டர் வெற்றிலை புகையிலையை நிறுத்தச் சொன்னார். மாதம் ஒருமுறை காட்ட வேண்டும், மாறினால் ஒரு துண்டு வெட்டிச் சோதிக்க வேண்டும் என்றார். பிறகு அவர் மாற்றலாகிப் போனார். போர் நடந்த அந்த நாட்களில் இங்கு வர யாரும் விரும்பவில்லை. டொக்டரின் கதிரை காலியாகவே கிடந்தது. உதவியாளனான நானே அளவுகோல் வைத்து அளந்தேன். நீளம் பதினான்கு மில்லிமீட்டர், அகலம் ஒன்பது மில்லிமீட்டர். ஒவ்வொரு மாதமும் அதே அளவு. அளவுக்குப் பக்கத்தில் “மாற்றமில்லை” என்று எழுதினேன்.

“இண்டைக்கும் அளவெடுக்கிறியோ தம்பி? இவ்வளவு நாளா எடுத்த அளவுக்கு ஒரு சேட்டாவது தைச்சுத் தந்திருக்கலாம்.”

“வெத்திலையை விட்டிட்டன் எண்டு பொய் சொல்லுற ஆளுக்குச் சேட்டு ஒண்டுதான் குறை.”

“உன்ர அக்காவிட தலையில அடிச்சுச் சொல்லுறன், தொடேல்லை.”

“அக்காவிட தலை பாவம், விடுங்கோ.”

ஒக்டோபரிலிருந்து திட்டின் நடுவே சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. வெற்றிலைக் கறை என்று முடிவு செய்தேன். அத்தான் களவாக வாய் சிவக்க வெற்றிலை போடுகிறார் என்று அக்காவுக்குக் கடிதமும் எழுதினேன். வெள்ளையைத் துடைத்துப் பார்த்த நான், சிவப்பைத் துடைத்துப் பார்க்கவில்லை.

அன்று புது டொக்டர் வந்து மூன்றாம் நாள். விளக்கைத் திருப்பிக் கன்னத்தை விரித்துப் பார்த்தார்.

“இந்தச் சிவப்பு எப்ப தொடக்கம்?”

“அது வெத்திலைக் கறை, டொக்டர்.”

விரலில் துணியைச் சுற்றி அழுத்தித் துடைத்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. புள்ளிகளும் அப்படியே இருந்தன. என் பதிவேட்டைப் புரட்டினார்.

“நான் சொன்னனான்தானே, தம்பி,” என்றார் அத்தான். கோபமில்லாமல்தான் சொன்னார்.

டொக்டர் வெள்ளைப் பகுதியை விட்டுவிட்டுச் சிவப்பிலிருந்துதான் துண்டு வெட்டினார். கெடாமலிருக்கப் போமலின் போத்தலில் போட்டுக் கண்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். ஐந்து வாரங்களில் முடிவு வந்தது. டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தினார். வெள்ளை என்பது உள்ளங்காலில் காய்ப்பதுபோல மேல்தோல் தடித்தது. அது மட்டும் என்றால் பல வருடம் சும்மா கிடக்கலாம். சிவப்பு, அந்தத் தோல் மெலிந்துபோன இடம். அங்கே உயிரணுக்களின் அடுக்கு குலைந்திருந்தது, கருக்கள் பெருத்துக் கறுத்திருந்தன. அந்த உயிரணுக்கள் மேல்தோலுக்கும் சதைக்கும் இடையிலுள்ள மெல்லிய சவ்வுக்கு மேலேயே நின்றிருந்தால் அது புற்றுநோயல்ல. ஓரிடத்தில் அதைத் தாண்டி இறங்கியிருந்தன. ஒக்டோபரில் தாண்டியிருக்குமா என்று கேட்டேன். “அது ஒருத்தருக்கும் தெரியாது,” என்றார்.

கன்னத்தையும் தாடையில் பாதியையும் எடுத்தார்கள். அத்தான் கஞ்சி குடித்து இரண்டு வருடம் இருந்தார். அந்தக் கடிதத்தைப் பற்றி அக்கா ஒருநாளும் கதைக்கவில்லை.

துண்டு வெட்டிய மறுநாள், பதின்மூன்றாம் தேதி, ஏழு மணிக்கே அறையைத் திறந்தேன். கருவிகளைக் கொதிக்க வைக்கவில்லை. பதிவேட்டில் நான் “மாற்றமில்லை” என்று எழுதிய வேறு ஏழு பேர் இருந்தார்கள். உடனே வந்து காட்டும்படி ஏழு தபாலட்டைகள் எழுதினேன். முதலாவது தோப்பூருக்கு.