கையை ஆட்டாத மதியம்

இன்று ஷூ கம்பெனியில் சாப்பாட்டு வேளை. நூறு பேர் வாசிக்கும் மேல்நாட்டு ஆர்கெஸ்ட்ராவைக் குச்சி வீசி நடத்தும் ஒரு பிரபலத்தின் வீடியோவைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் சூப்பர்வைசராக இருக்கும் ஸ்டிச்சிங் லைனில் தைக்கும் செல்வி அக்கா எட்டிப் பார்த்தார்.

"இவரு இன்னா சார் வாசிக்கிறாரு?"

"இவரு வாசிக்க மாட்டாரு. மத்தவங்கதான் வாசிப்பாங்க."

"சும்மா கைய மட்டும் ஆட்டுவாரா?"

"ஆமா."

"அப்போ உங்கள மாதிரின்னு சொல்லுங்க."

சிரிக்காமல் சொல்லிவிட்டு டிபன் பாக்ஸ் கழுவப் போய்விட்டார்.

அடுத்த வீடியோவில் அதே மனிதருக்கு வயதாகிவிட்டது. பாதியில் குச்சியை இறக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்கிறார். வெறுமனே பார்க்கிறார். ஒருவர்கூடத் தப்பாக வாசிக்கவில்லை.

சரி என்று மதியம் நானும் கையைக் கட்டிக்கொண்டேன். யாரையும் விரட்டவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றேன்.

அரை மணி நேரம் முன்பே டார்கெட் முடிந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

கிளம்பும்போது செல்வி அக்கா பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"இன்னா சார், வேலைய விட்டு அனுப்பிட்டாங்களா? பாவம், கடைசி நாள்ல பேஜார் பண்ணக்கூடாதுன்னு எல்லாரும் சீக்கிரம் தச்சிட்டோம்."

அந்த நூறு பேரும் அன்று இதற்காகத்தான் ஒழுங்காக வாசித்தார்களா? இசை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.