பிரிக்கப்படாத பொட்டலம்

வீடுவீடாகப் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் வண்டியோட்டிகள் ஒருவருக்கொருவர் சூட்டிக்கொள்ளும் பட்டப்பெயர்களில் கேலி முக்கால் பங்கு என்றால் உண்மை கால் பங்காவது இருக்கும். அவருக்கு வைத்திருந்த பெயர் நத்தை. சாலையில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் சிவப்பு விளக்குக்கு நிற்பார். மழை பிடித்துக்கொண்டால் முதலில் பொருள் பையை மூடுவார். பிறகுதான் தம் மழைக்கோட்டைத் தேடுவார். மேம்பாலத்தின் கீழே அடுத்த ஆர்டருக்குக் காத்திருக்கும் கூட்டத்தில், "நத்தையண்ணே, உங்க வண்டிக்குப் பிரேக் எதுக்கு? கழட்டி வித்துட்டா டீச்செலவுக்காவது ஆகும்ல" என்று யாராவது வம்புக்கு இழுப்பார்கள். அவர் சிரித்தபடி பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

முன்பு அவர் ஒரு மேசை நாற்காலிக் கடையில் சுமை வண்டி ஓட்டினார். கடையை இழுத்து மூடியபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. மனைவியின் தம்பிதான் கையைப் பிடித்து இந்த வேலைக்குக் கூட்டிவந்தான். செயலியைத் திறப்பது, வரைபடத்தை நம்பாமல் இருப்பது, லிப்ட் இல்லாத வீடுகளை மனத்தில் குறித்துக்கொள்வது என எல்லாவற்றையும் அவனே சொல்லிக்கொடுத்தான். அப்படிச் சொல்லிக்கொடுத்தவற்றுள் ஒன்றுதான் இப்போது அவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது.

பொருளை வாடிக்கையாளர் கையில் கொடுத்த பிறகே 'கொடுத்தாயிற்று' என்ற பொத்தானை அழுத்த வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. பெரிய அடுக்குமாடிகளிலோ வண்டியை நிலத்தடி நிறுத்தத்தில்தான் விட வேண்டும். அங்கிருந்து லிப்ட், லிப்ட்டிலிருந்து நீண்ட நடைவழி. எங்கும் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. மேலே போய்க் கொடுத்துவிட்டு மறுபடி வெளியே வந்து அழுத்தினால், செயலி அதைத் தாமதம் என்று எழுதிக்கொள்ளும். ரேட்டிங் இறங்கும். அடுத்த நல்ல ஆர்டர் வேறொருவனுக்குப் போய்விடும். ஆகவே வாயிலுக்கு முந்தைய திருப்பத்திலேயே எல்லாரும் அழுத்திவிடுவார்கள். அதை ஒருவரும் பொய்யென்று நினைத்ததில்லை. ஹாரன் அடிப்பதைப் போல அது கைப்பழக்கம்.

அன்று நண்பகலில் நத்தையும் அந்தத் திருப்பத்தில் ஓரமாக நின்று அழுத்தினார். கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாயிலை நோக்கி மெதுவாகத்தான் போனார். பக்கச் சந்திலிருந்து பின்பக்கமாகவே வேகமாக வந்த சரக்கு வேன் அவரைப் பார்க்கவில்லை. மோதிய பிறகு நிற்கவும் இல்லை. அதன் எண்ணை யாரும் குறித்துவைக்கவில்லை. இடது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கியது.

முதல் அறுவைச் சிகிச்சை அரைகுறையாக முடிந்தது. எலும்பைச் சேர்த்துப் பிடித்தபடி காலுக்கு வெளியே இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டாவது சிகிச்சையை அதிகம் தள்ளிப்போட்டால் கால் கோணலாகவே கூடிவிடும், பிறகு வண்டி என்ற பேச்சுக்கே இடமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதற்கு வேண்டிய பணம் வரக்கூடிய ஒரே திசை நிறுவனம். அங்கிருந்து வந்த பதிலோ இதுதான்: ஆர்டர் முடிந்துவிட்டது; அதற்குப் பிறகு அவர் தம் சொந்த வேலையாகப் போய்க்கொண்டிருந்தார்; வேண்டுமானால் அன்பளிப்பாக ஒரு சிறு தொகை தரலாம்.

"அக்கா, அத மொதல்ல குப்பையில போடு" என்றான் மைத்துனன். கூடத்துக்கு இழுத்துப்போட்டிருந்த நத்தையின் கட்டில் ஓரத்தில், எழுந்துவிடப் போகிறவன்போல உட்கார்ந்திருந்தான்.

"எத?"

"அலமாரி மேல இருக்குற பொட்டலத்த. கொடுத்தாச்சுன்னு மாமா அழுத்திட்டாரு. பொருள் நம்ம வீட்டுல ஒக்காந்திருக்கு. இதுக்குப் பேரு என்னன்னு தெரியுமா? திருட்டு."

விபத்து நடந்த இடத்திலிருந்து யாரோ மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்த்த பொருள் பைக்குள் அது இருந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு பொட்டலம். ஒட்டிய நாடா பிரியாமல், முகவரிச் சீட்டு கிழியாமல் அப்படியே இருந்தது. உள்ளே குக்கருக்குப் போடும் ரப்பர் வளையம் இருப்பதாகச் சீட்டில் அச்சிட்டிருந்தது.

"குக்கர் வளையத்தத் திருடி நான் என்னடா செய்யப்போறேன்? நம்ம குக்கருக்கு வாயே கோணல்" என்றாள் அக்கா. அவள் சிரிக்கவில்லை. பொட்டலத்தை எடுக்கவும் இல்லை.

அவன் நத்தையின் பக்கம் திரும்பினான். "மாமா, கொடுத்துட்டுத் திரும்பி வரும்போது அடிபட்டேன்னு சொல்லிடுங்க, போதும். முன்னாடியே அழுத்துனேன்னு வாய விட்டீங்கன்னா அது உங்க ஒருத்தர் கதையில்ல. பாலத்துக்குக் கீழ நிக்குற அத்தன பேர் செயலி ஐடியையும் கம்பெனிக்காரன் முடக்கிடுவான். என்னுதும் சேர்த்துத்தான். எனக்குப் பொண்ணு வேற பாக்குறீங்க, ஞாபகம் இருக்கட்டும்."

நத்தை தலையசைத்தார். இத்தனை வருடம் சிவப்பு விளக்குக்குக்கூடத் துரோகம் செய்யாதவர், ஒரு பொய்க்கு ஒப்புக்கொண்டார்.

அவர்கள் தேடிப்போன வக்கீலம்மாவின் அறை ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. செங்குத்தான படிகளை அவரால் ஏற முடியாது என்பதைக் கண்டு, அந்த அம்மாள் தாமே இறங்கிவந்து கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். உள்ளே இயந்திரம் விடாமல் தாள் துப்பிக்கொண்டிருந்தது. மைத்துனன் அதன் பக்கத்தில் நின்றான்.

"உங்களுக்கு மூணு வழி இருக்கு. பொறுமையாக் கேளுங்க" என்றார் அவர். "மோதுன வண்டிமேல கேஸ் போடலாம். ஆனா வண்டியே யாருதுன்னு தெரியல. மோதிட்டு ஓடுனவனுக்காக அரசாங்கம் குடுக்குற உதவி இருக்கு, அதுக்கும் எழுதிப்போடுவோம். அது மருந்துக்கே பத்தாது. ரெண்டாவது, கம்பெனி தர்றேங்குற அன்பளிப்பு. வாங்கலாம். வாங்குனா, வேலையில இருக்கும்போது அடிபடலன்னு கையெழுத்துப் போடணும். அதோட எல்லாக் கதவும் சாத்திரும்."

"மூணாவது, மேடம்?" என்றாள் மனைவி.

"தொழிலாளர் அலுவலர் முன்னாடி நஷ்டஈடு கேக்குறது. அதுல யார்மேல தப்புன்னு நிரூபிக்கத் தேவையில்ல. வேலை செய்யுறப்ப அடிபட்டுச்சுன்னு காட்டுனாப் போதும். ஆனா அத கண்டிப்பாக் காட்டியாகணும்." நத்தையை நேராகப் பார்த்தார். "கொடுத்துட்டுத் திரும்பும்போதுன்னு போன்ல சொன்னீங்க. அந்தக் கட்டடத்து வாட்ச்மேன்கிட்ட பேசுனேன். உங்க வண்டி வாசல் கேட்டப் பாத்த மாதிரிதான் விழுந்து கெடந்துச்சாம். திரும்பி வர்றவர் வண்டி ரோட்டப் பாத்துல்ல கெடக்கணும்?"

ஜெராக்ஸ் இயந்திரம் நின்றுவிட்டது. தாள் தீர்ந்திருக்க வேண்டும். நத்தை தம் காலின் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அவர் சொல்லி முடித்ததும் மனைவி தோள்பையைத் திறந்து பொட்டலத்தை எடுத்து வக்கீலம்மாவின் மடியில் வைத்தாள். அவள் அதைக் கொண்டுவந்திருப்பது அதுவரை ஒருவருக்கும் தெரியாது.

வக்கீலம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க கொடுக்கப் போய்க்கிட்டிருந்தீங்கங்குறதுக்கு இதைவிடச் சாட்சி வேணாம். உங்களத் திருடன்னு சொல்லுறதுக்கும் இதைவிட வேணாம்."

"அப்ப இத மறைச்சிடலாமா?" என்றார் நத்தை.

"முன்னாடி அழுத்துனது கம்பெனி விதிய மீறுனது. அதுக்காக வேலைய விட்டு நிறுத்தலாம். கால் போனதுக்கு ஈடு கெடையாதுன்னு சொல்ல முடியாதுன்னு நான் வாதாடுவேன். ஆனா நீங்க பொய் சொல்லி மாட்டுனா, எனக்கு வாதாட வாயே இருக்காது. வேற ஓட்டுநர் ஒருத்தர் வந்து, நாங்க எல்லாருமே இப்படித்தான் அழுத்துவோம்னு சொன்னா திருட்டுங்குற பேச்சு நிக்காது. யாராவது வருவாங்களா?"

மைத்துனன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஒன்றும் வரவில்லை.

நத்தை படுத்தபடியே பாலத்தடி நண்பர்களுக்குப் போன் செய்தார். "அண்ணே, கால் எப்படி இருக்கு?" என்று தொடங்கிய குரல்கள், விஷயம் தெரிந்ததும் சிக்னல் சரியில்லை என்றன. அவர் யாரையும் குறை சொல்லவில்லை. அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். ஒருவன் மட்டும் உண்மையாகவே பேசினான்: "நத்தையண்ணே, உங்களுக்கு ரத்தம் கேளுங்க, வந்து தர்றேன். ஐடிய மட்டும் கேக்காதீங்க."

"தம்பிகிட்ட கேட்டியா?" என்றார் மனைவியிடம்.

"நான் கேக்கமாட்டேன். நான் கேட்டா அவனால முடியாதுன்னு சொல்ல முடியாது. அப்புறம் ஆயுசுக்கும் அது நம்ம தலைமேல நிக்கும்."

"நானும் கேக்கல."

"வேணாம்" என்றாள். குக்கரை அடுப்பில் ஏற்றினாள். அது வழக்கம்போல விசில் அடிக்காமல் பக்கவாட்டில் சீறியது.

விசாரணை நாளன்று சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தவன் மைத்துனன்தான். தள்ளுவதற்கு மட்டுமே வந்தவன்போல, உள்ளே நுழைந்ததும் சுவரோரம் போய் நின்றுகொண்டான். தொழிலாளர் அலுவலர் ஒடிசலான மனிதர். இருமலைக் கைக்குட்டைக்குள் அடக்கிக்கொண்டே கேட்டார். நிறுவனத்தின் வக்கீல் நல்ல குரலும் மடிப்புக் கலையாத கோட்டும் உடையவர்.

"ஐயா, முதல் விஷயம், இவர் எங்க தொழிலாளியே இல்ல. பங்குதாரர்."

"லாபத்துல பங்கு குடுக்குறீங்களா?" என்றார் அலுவலர்.

"இல்லங்க ஐயா. ஒவ்வொரு ஆர்டருக்கும்…"

"லேட்டாப் போனா?"

"ரேட்டிங் குறையும்."

"ரொம்பக் குறைஞ்சா?"

"ஐடியை நிறுத்துவோம்."

"பங்குதாரர நீங்களே நிறுத்திடுவீங்க. சரி. மேல சொல்லுங்க."

சுவரோரம் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். வக்கீல் அசரவில்லை. "அப்படியே தொழிலாளின்னு வெச்சுக்கிட்டாலும், விபத்துக்கு முன்னாடியே பொருளைக் கொடுத்து முடிச்சுட்டார் ஐயா. அவரே பொத்தானை அழுத்தியிருக்கார்."

அலுவலர் நத்தையைப் பார்த்தார். அறை முழுவதும் அவரைப் பார்ப்பதுபோல இருந்தது. மைத்துனன் மட்டும் தரையைப் பார்த்தான். கொடுத்துட்டுத் திரும்பும்போது என்று சொல்ல இன்னும் நேரம் இருந்தது.

"கொடுக்கல ஐயா" என்றார் நத்தை. "கொடுக்குறதுக்கு முன்னாடியே அழுத்திட்டேன். உள்ள போனா சிக்னல் கெடைக்காது. பொருள் பையிலதான் இருந்துச்சு."

மனைவி பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். நிறுவன வக்கீலின் முகம் மலர்ந்தது. "இதைத்தான் ஐயா நாங்க நாகரிகமா விட்டுட்டோம். வாடிக்கையாளர் அன்னிக்கே பொருள் வரலன்னு புகார் குடுத்திருக்காங்க. கொடுத்ததாப் பொய்யா அழுத்திட்டு, பொருளை எடுத்துக்கிட்டுப் போயிருக்கார்."

அலுவலர் கைக்குட்டையை மடித்தார். "ஒரு நிமிஷம். கொடுத்து முடிச்சுட்டார்னு இப்பத்தானே சொன்னீங்க. இப்பக் கொடுக்கவே இல்லங்குறீங்க. ரெண்டுல எது?"

வக்கீல் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "கொடுக்கல. திருடிட்டார்."

"கொடுக்கலங்குறதக் குறிச்சுக்குறேன்" என்ற அலுவலர், நத்தையின் பக்கம் திரும்பினார். "ஆனா அவர் கேக்குறதுக்கும் பதில் வேணும். கொண்டுபோய்க் குடுக்கத்தான் போனீங்களா, இல்ல எடுத்துக்கிட்டுப் போனீங்களா? முன்கூட்டியே அழுத்துறது வழக்கம்னு நீங்க மட்டும் சொன்னாப் போதாது. வேற யாரு சொல்லுவாங்க?"

அதற்கு வக்கீலம்மாவிடம் ஆள் இல்லை. நத்தை சுவரோரம் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்து, மேசைமேலிருந்த பொட்டலத்தின்மீதே கண்ணைப் பதித்திருந்தார். மனைவியும் திரும்பவில்லை. தம்பியைக் கேட்காமல் இருப்பது இவ்வளவு கனக்கும் என்று அவள் நினைத்திருக்கமாட்டாள்.

"நான் சொல்றேன்" என்றது ஒரு குரல்.

மைத்துனன் முன்னே வந்தான். அவன் கையில் சக்கர நாற்காலியின் கைப்பிடி இல்லாததால், கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "நானும் இதே கம்பெனியிலதான் ஓட்டுறேன் ஐயா. எல்லாரும் கேட்டுக்கு முன்னாடியேதான் அழுத்துவோம். இவருக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தான். இன்னிக்குக் காலையில நானே மூணு தடவ அழுத்துனேன்."

"நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"மச்சினன்."

"உறவுக்காரர் சாட்சி" என்றார் நிறுவன வக்கீல், பல்லிடுக்கில்.

"உறவுதான் ஐயா. பொய் சொல்லணும்னு நினைச்சிருந்தா இவரையே பொய் சொல்ல வெச்சிருப்பேன். வெக்கத்தான் பாத்தேன். முடியல." நிறுவன வக்கீலின் பக்கம் திரும்பினான். "சந்தேகமா இருந்தா அந்தக் கட்டடத்துக்கு அடியில வந்து உங்க போன்லயே அழுத்திப் பாருங்க சார். அழுத்த முடிஞ்சா நான் இந்த வேலையவே விட்டுடுறேன்."

"ஐடி எண் சொல்லுங்க, பதியணும்" என்றார் அலுவலர். பேனாவை நிறுத்திச் சேர்த்துச் சொன்னார்: "யோசிச்சுச் சொல்லுங்க. இது இந்த மேசையோட நிக்காது."

அவன் சொன்னான். கடைசி எண்ணில் குரல் லேசாக உடைந்தது, அதையும் சொன்னான். கையெழுத்தும் போட்டான்.

அலுவலர் நெடுநேரம் எழுதினார். நத்தை தொழிலாளிதான், விபத்து வேலையின்போதுதான் நடந்தது என்று பதிந்தார். தொகை மருத்துவச் சான்று வந்த பிறகு முடிவாகும். அதற்குள் அறுவைச் சிகிச்சைக்கான முன்பணத்தை நிறுவனம் கட்ட வேண்டும் என்றார். மேல்முறையீடு செய்யப்போவதாக நிறுவன வக்கீல் சொல்லிவிட்டுத் தாள்களை அடுக்கினார்.

"செய்யட்டும்" என்றார் வக்கீலம்மா, வெளியே வராந்தாவில். "தம்பி, சாட்சி சொன்னதுக்காக உங்க ஐடியை முடக்கினா அன்னிக்கே என்கிட்ட வாங்க. அதுக்குத் தனி மனு இருக்கு. ஜெயிக்கும்னு எழுதித்தர மாட்டேன்."

"எழுதிக் குடுத்தாலும் நான் படிக்கமாட்டேன் மேடம்" என்றான் அவன். முகத்தில் இன்னும் ரத்தம் ஏறவில்லை.

நத்தை எதையோ சொல்ல வாயெடுத்தார். நன்றி என்ற சொல் அவர்கள் வீட்டில் புழங்கியதில்லை. அதற்குள் மைத்துனனின் சட்டைப்பையில் கைப்பேசி கூவியது. நான்கு பேரும் அதைப் பார்த்தார்கள். அவன் மெல்ல வெளியே எடுத்தான். புது ஆர்டர். ஐடி இன்னும் உயிரோடு இருந்தது. சாயங்காலம் வரை இருக்குமா என்பதை அங்கே யாராலும் சொல்ல முடியாது.

"எங்க?" என்றாள் அக்கா.

"பக்கத்துலதான். பெரிய அடுக்குமாடி." நாற்காலியைப் பார்த்தான். "உங்கள யாரு தள்ளுவா?"

"நான் தள்ளுறேன், நீ போ."

அவன் வாசல்படியில் இறங்கி வண்டியை உதைத்தான். நத்தை நாற்காலியிலிருந்து சற்றே முன்னால் சாய்ந்தார். கம்பி கிள்ளியதைப் பொருட்படுத்தவில்லை.

"டேய்" என்றார். "கையில குடுத்துட்டு அழுத்துடா."

"லேட் ஆகும் மாமா."

"ஆகட்டும்."