தேநீர் அறையில் ஒரு சஹன்

கொரோனாக் காலத்தில் கற்பிட்டிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தேன். கொரோனா வார்டில் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு வியர்வையில் ஊறுவோம். அங்கு நோயாளியாக இருந்த, உச்சமுனைக் கிராமத்து மீனவர் ஒருவர் முகக்கவசத்தைத் தாடியிலேயே தொங்கவிடுவார்.

"நானா, தாடிக்கு வருத்தம் வராது. மூக்க மூடுங்க" என்று தினமும் ஏசுவேன்.

ஒருநாள் சக தாதி பரீனா, மகளுக்குக் கலியாணம் பேசி முடித்த சந்தோஷத்தில் பிரியாணி கொண்டுவந்தார். தேநீர் அறையில் முகக்கவசங்களைக் கழற்றிவிட்டு, தாதிகள் ஆறு பேர் ஒரே சஹன் தட்டைச் சுற்றித் தலைமுட்ட உட்கார்ந்து, கதைத்துக் கதைத்துச் சாப்பிட்டோம். பரீனா இடையிடையே இருமினார்.

"மசாலா கொஞ்சம் காரம்" என்றார். நாங்களும் நம்பினோம்.

அந்த வாரமே அறுவருக்கும் கொரோனா. பரீனா ஒக்சிசன் வைக்கும் அளவுக்குப் போய், அல்ஹம்துலில்லாஹ், தப்பினார்.

என்னையும் நோயாளியாக அதே வார்டுக்குக் கூட்டிப்போனபோது, சுகமாகி வீட்டுக்குப் புறப்பட்ட அந்த மீனவர் வாசலில் நின்றார்.

"எங்களுக்கிட்ட இருந்துதானே மிஸ் உங்களுக்கு வந்த?" என்று கண்கலங்கினார்.

"இல்ல நானா. பிரியாணி தின்னப் போய் வந்த."

அவர் இரண்டடி பின்வாங்கி, முதல்தடவையாக முகக்கவசத்தை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டார்.

இப்போதும் சஹன் வந்தால் என் பங்கைத் தனிக் கோப்பையில் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்விடுவேன். யாராவது மசாலா காரமென்று இருமினால், கோப்பையோடு முற்றத்துக்கே இறங்கிவிடுவேன்.