தெரியாத பருந்துக்கு ஒரு தகரம்

பருந்து எண்ணும் வேலைக்கு என்னை எடுத்தபோது எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பறவைப் பித்துப் பிடித்த சின்னத் தொரை கொடுத்தவை ஒரு தூரக்கண்ணாடி, மூன்று பிஸ்கட் தகரம், ஒரு பை நிறையத் தேயிலை விதை. பெரிய பருந்து மலையைத் தாண்டினால் முதல் தகரத்தில் ஒரு விதை போட வேண்டும். சின்னதுக்கு இரண்டாவது தகரம். இன்னதென்று தெரியாவிட்டால் மூன்றாவது.

"நோட்டுல எழுதிக்கிறேனுங்களே" என்றேன்.

"எழுதினா தல கீழ போகும். பறவ மேல போகும். எழுத வேணாம்" என்றார் தொரை, தோட்டத்தில் பழகிய தமிழில்.

எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். பதுளையில் ஒரு துணிக்கடைக்காரர் வீட்டுப் பின்கட்டில் தங்கி, கடையைக் கூட்டிக் கொடுத்துப் பள்ளிக்கூடம் போனவன். அப்படிப் படித்தவனுக்குக் கிடைத்த முதல் உத்தியோகத்தில் எழுத்துக்கு வேலையே இல்லை. இதில் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமலேதான் மலை ஏறினேன்.

அப்புத்தளைக்கு மேலே, தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்கும் இடத்தில் ஒரு தட்டைக் கல் உண்டு. அதுதான் என் ஆபீஸ். தெற்கே பார்த்தால் பெரகல ரோடு பாம்பு மாதிரி இறங்கிப் போகும். அதற்கும் கீழே சமவெளி, தெளிந்த நாளில் கடலின் வெள்ளைக் கோடு. வடக்கே திரும்பினால் நாங்கள் குடியிருக்கும் லயங்கள், தூரத்தில் நமுனுகுல மலை. பனி பெய்கிற தேசங்களிலிருந்து ஐப்பசியில் வரும் பருந்துகள் பங்குனியில் ஊர் திரும்புகின்றனவாம். தெற்கிலிருந்து ஏறி மலை முதுகைத் தாண்டி வடக்கே போனால் ஒன்று. தொரை சொல்லும்போது எல்லாம் புரிந்தது. கல்லில் உட்கார்ந்து மேலே பார்த்ததும் எதுவும் புரியவில்லை.

பருந்து நேராகப் போகிற ஜாதியில்லை. வரும், சுற்றும், வடக்கே கொஞ்சம் போகும், என்னமோ மறந்து விட்ட மாதிரி திரும்பி வரும். மேகத்துக்குள் இரண்டு நுழையும், மூன்று வெளியே வரும். தொரை கொடுத்திருந்த படத்தில் பருந்துகள் கிளையில் உட்கார்ந்து பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தன. நான் பார்த்த ஒன்றுகூட உட்காரவில்லை. எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு, சூரியனுக்கு நேரே, அடுப்புக்கரித் துண்டு மாதிரிப் போயின.

"போன பறவ திரும்பி வந்துட்டா என்ன செய்யிறதுங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரு விதைய வெளிய எடு."

"போனதுதான் திரும்பி வந்துச்சா, வேற ஒண்ணான்னு தெரியலயேங்க."

தொரை குதிரையைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அது கோபமா யோசனையா என்பதும் எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் தகரங்களை பங்களாவுக்குக் கொண்டுபோகும்போது மூன்றாவதுதான் எப்போதும் கனமாக இருக்கும்.

கொழுந்து பறிக்க மேல் மலைக்கு வரும் பெண்களுக்கு நான் நல்ல பொழுதுபோக்கு.

"என்னங்க பருந்துக் கணக்கப்பிள்ள, இன்னைக்குப் பெரட்டுக்கு எல்லாரும் வந்தாச்சா?"

"மழைக்கு ஒதுங்குன பருந்துக்கு அரைப் பேர்தான போடுவீங்க?"

"அதுகளுக்காச்சும் முழுப் பேரு போடுங்க சாமி, தூரத்துலருந்து வருதுக!"

காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தி எண்ணி, யாரை எந்த மலைக்கு அனுப்புவது என்று சொல்கிறவர் கணக்கப்பிள்ளை. அவர் பேர் போட்டால்தான் அன்றைய கூலி; அரைப் பேர் என்றால் பாதிக் கூலி. தோட்டத்தில் எண்ணுகிறவனுக்கு எண்ணப்படுகிறவர்கள் அடக்கம். அதற்கு மாறாக எதையும் யாரும் கண்டதில்லை. பெண்கள் அதை வைத்துக் கேலி செய்தார்கள். என் அப்பா அதை நிஜமாகவே நம்பினார். அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அப்பா சில்லறைக் கங்காணி. பெரிய கங்காணிக்குக் கீழே நாலைந்து குடும்பங்களை நடத்துகிறவர். எங்கள் லயத்துக்குப் பின்னால் ஓடைக்கரையில் ஒரு சூலத்தை நட்டு வெகுகாலமாகக் கும்பிட்டு வந்த இடத்தில், மாரியம்மனுக்குக் கல்லில் ஒரு கோயில் கட்டியே தீருவதென்று நின்றார். பெரிய கங்காணிக்கு அது தன் வீட்டுப் பக்கம் வரவேண்டுமென்று ஆசை. கோயில் எழும்பிய பிறகும் அவர் விடவில்லை. "கும்பாபிஷேகத்தன்னிக்குக் கருடன் வந்து சுத்தட்டும். சுத்துனா ஆத்தா அந்த எடத்த ஏத்துக்கிட்டான்னு நானே வந்து விழுந்து கும்புடுறேன். சுத்தலன்னா கல்லப் பிரிச்சு இங்கிட்டுக் கொண்டாந்துரணும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். கலசத்தில் தண்ணீர் ஊற்றும்போது மேலே கருடன் வட்டமிட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. அப்பா ஒத்துக்கொண்டு வந்து என்னிடம் சொன்னார்.

"ஒன்ன நம்பித்தாம்ப்பா சரின்னேன்."

"என்னையா?"

"நீதான அதுகளப் பாத்துக்கிறே?"

"நான் எண்ணத்தாம்ப்பா செய்யிறேன்."

"அதத்தான் சொல்றேன்."

பள்ளிக்கூடம் போனதிலிருந்து அப்பா என்னை 'டா' போட்டுக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார். அந்த மரியாதையோடு அவர் என்னிடம் ஒன்றைக் கேட்கும்போது முடியாது என்று சொல்ல வாய் வராது. என்றாலும் சொன்னேன். சரிவில் வெயில் பட்டு, சூடான காற்று மேலே கிளம்பினால்தான் பருந்துகள் எழும்பும். பதுளையிலிருந்து வரும் ஐயர் குறித்துக் கொடுத்த நேரமோ விடிந்த கையோடு. அப்போது லயத்தை மூடி மூடுபனி நிற்கும். அதுவுமில்லாமல் வெள்ளைக் கழுத்தும் செம்மண் உடம்புமான கருடன் கடலோரத்துப் பறவை, இத்தனை உயரத்தில் பார்த்ததே இல்லை என்று தொரை சொல்லியிருக்கிறார்.

"இங்க கும்பாபிஷேகம் நடந்ததில்ல. அதான் வந்ததில்ல" என்றார் அப்பா.

நேரத்தைத் தள்ளிப் போட வழியில்லை. தோட்டத்தை நடத்தும் பெரிய தொரை கொடுத்தது காலை வேளைக்கு மட்டும் லீவு; வெயில் ஏறினால் கொழுந்து பறிக்க மலைக்கு ஏற வேண்டும். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். நான் கல்லில் இருப்பேன். கருடன் வந்தால் அம்மாவின் சிவப்புச் சேலையை ஆட்டுவேன். கீழே சாரத்தின் மேல் ஐயர் குடத்தோடு நிற்பார். வராவிட்டால் ஆட்ட மாட்டேன். இதை நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அப்பா திரும்பத் திரும்பத் தலையாட்டினார். எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை.

அன்று காலை கல்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது வடக்குப் பக்கம் முழுவதும் பால் ஊற்றி வைத்த மாதிரி இருந்தது. லயம் இல்லை, கோயில் இல்லை, தேயிலை இல்லை. நாயனமும் தப்பும் மட்டும் பனிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தன. நான் அப்போதுதான் உணர்ந்தேன்: எனக்கு அவர்கள் தெரியவில்லை என்றால் அவர்களுக்கும் என் சேலை தெரியாது. இத்தனை பேர் கூடி யோசித்தோம், பனியைப் பற்றிப் பேசினோம், இது ஒருவர் புத்தியிலும் படவில்லை. படித்த என் புத்தியிலும்தான்.

இன்னொன்றும் நடந்தது. பனிக்கு மேலே வானம் நீலமாக இருந்தது. தெற்குச் சரிவில் வெயில் பளிச்சென்று விழுந்துகொண்டிருந்தது. பெரகல பக்கத்துப் பாறைகள் அதற்குள்ளேயே சூடேறிவிட்டன போல. அங்கிருந்து ஒரு பறவை சிறகை அசைக்காமல் ஏறி வந்தது. இந்த நேரத்தில் எழும்பாது என்று நான் அத்தனை உறுதியாகச் சொல்லியிருந்தேன். அது என் தலைக்கு மேலே தாண்டி, பனியின் மேல் போய், வட்டம் போடத் தொடங்கியது.

தூரக்கண்ணாடியை எடுத்தேன். என் மூச்சு பட்டு அது மங்கிப் போயிருந்தது. துடைத்துப் பார்த்தேன். கழுத்து வெள்ளையாகத் தெரிந்தது. வெயில் பட்டதாலா, நிஜமாகவே வெள்ளையா? திரும்பியபோது உடம்பு செம்மண்ணாகத் தெரிந்தது. அடுத்த வட்டத்தில் வெறும் கறுப்பு. கோயிலுக்கு நேர் மேலேதான் சுற்றுகிறதா? கோயில் எங்கே இருக்கிறது என்றே தெரியாதபோது அதை எப்படிச் சொல்வது? நாயனம் நின்றுவிட்டது. நல்ல நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். பனிக்குள் அத்தனை சனமும் அண்ணாந்து நிற்பதும், அப்பா மட்டும் என் பக்கம் திரும்பி நிற்பதும் கண்ணால் காணாமலே எனக்குத் தெரிந்தது.

சேலையைக் கீழே போட்டேன். ஒரு தகரத்தின் மூடியைக் கழற்றி, தகரத்தின் மேல் ஓங்கி ஓங்கி அடித்தேன். "வந்திருச்சு! சுத்துது!" என்று கத்தினேன். கத்தியது கீழே கேட்டதோ என்னவோ, தகரம் கேட்டது. தப்புச் சத்தத்துக்கு எழுந்து, கொம்புச் சத்தத்துக்கு வேலை விட்டுப் பழகிய சனம். சத்தம் வந்த பிறகு எதற்கென்று கேட்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. "அரோகரா" என்று பனி முழுவதும் எழும்பியது. அதன் மேல் பெண்களின் குலவை. தண்ணீர் ஊற்றியாயிற்று.

திரும்பிப் பார்த்தால் பறவையைக் காணோம். வடக்கே போனதா, வந்த வழியே போனதா, பார்க்கவில்லை. எண்ணுகிற வேலையில் இருந்தவன் அதைப் பார்க்காமல் தகரம் அடித்துக்கொண்டிருந்தேன். போடவேண்டிய விதை கையில் இருந்தது. எந்தத் தகரம்?

பனி கலைந்து வெயில் நன்றாக ஏறிய பிறகு அப்பா மேலே வந்தார். நான் வேலை செய்யும் இடத்துக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. நெற்றி நிறையத் திருநீறு, புது வேட்டியில் மஞ்சள் தண்ணீர். கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"பெரிய கங்காணி சத்தம்தான் கேட்டாராம். சாமியக் காணலயாம். பாத்த பய வந்து சாயங்காலம் எல்லாத்துக்கும் முன்னால சொல்லட்டும்ங்கிறாரு."

"சொல்றேம்ப்பா. வந்துச்சு, சுத்துச்சு. அது சத்தியம்."

"கருடனான்னு கேப்பாரு."

"தெரியாதுன்னுதாம்ப்பா சொல்லணும். கழுத்து வெள்ளையாத்தான் இருந்துச்சு. ஆனா வெயிலு…"

கோபப்படுவார் என்று நினைத்தேன். அப்போது தெற்குப் பக்கமிருந்து ஒரு பருந்து எழும்பி வந்தது. அப்பா சட்டென்று எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இதுவா?"

"தெரியலப்பா."

அடுத்து இரண்டு வந்தன. அதற்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு கூட்டமாக ஏழெட்டு, ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு. அப்பாவின் கை கன்னத்துக்கும் நெஞ்சுக்குமாகக் கொஞ்ச நேரம் போய் வந்தது. பிறகு பாதியிலேயே நின்றுவிட்டது.

"இம்புட்டா வருது?"

"தெனமும் வரும்ப்பா."

"இதுல எதுன்னு எவனால சொல்ல முடியும்?" என்றார். என்னைக் கேட்டதாகத் தெரியவில்லை. பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. "நீ ஒண்ணும் சொல்லவேணாம். நாஞ் சொல்றேன். சந்தேகம்னா மேல ஏறி வந்து கல்லுல ஒக்காந்து பாத்துட்டுச் சொல்லுங்க, நீங்க சொன்னபடி கேக்குறோம்னு சொல்றேன்."

பெரிய கங்காணி பெரட்டுக்களம் வரைக்குமே டோலியில் வருகிறவர். அன்று சாயங்காலம் அப்பா எல்லார் முன்னாலும் அப்படியே சொன்னார். யாரோ ஒரு பெண் பின்னாலிருந்து, "பருந்துக் கணக்கப்பிள்ளகிட்டச் சொன்னா பேர் போட்டுருவாருங்க" என்றாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நாளைக்கு ஏறுகிறேன் என்றார் பெரிய கங்காணி. மறுநாளும் ஏறவில்லை, அதற்கடுத்த நாளும் ஏறவில்லை. பங்குனி முடிந்தது, பருந்துகளும் போய்விட்டன. கோயில் ஓடைக்கரையிலேயே நிற்கிறது. அவர் விழுந்து கும்பிடவுமில்லை, கல்லைப் பிரிக்கவுமில்லை.

அன்று கல்லிலிருந்து இறங்குவதற்கு முன்னால் அப்பா என் மூடிய கையைப் பார்த்தார்.

"என்ன அது?"

"காலைல வந்ததுக்கான விதைப்பா. இன்னும் போடல. எதுல போடுறதுன்னு…"

"இங்க குடுடா."

வாங்கி வேட்டி மடியில் வைத்து முடிந்துகொண்டு இறங்கிப் போனார். அது கணக்கில் சேரவேண்டிய விதை. சாயங்காலம் சின்னத் தொரையிடம், "ஒண்ணு குறையுதுங்க" என்றேன். "எந்தத் தகரத்துல?" என்று கேட்டார்.

அதைத்தான் இன்றுவரை நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.