மீரா உசேனின் தூக்கம்

வலங்கைமானில் ஸ்கூல் வேன் ஓட்டும் மீரா உசேனைத் தெரியாத வீடு குறைவு. பிள்ளைகளைப் பெயர் சொல்லி ஏற்றி, பெயர் சொல்லி இறக்கிவிடுகிற மனுஷன். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததாக யாரும் சொன்னதில்லை.

போன குறுவை அறுவடைச் சமயம் கூத்தாநல்லூரில் ஒரு நிக்காஹ். வீடு திரும்பிப் படுக்க நேரமாகிவிட்டது. மறுநாள் சாயங்காலம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும்போது ஒரு கணம் கண் செருகிவிட்டது. நல்லவேளை, ரோட்டில் பாதிக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். சக்கரம் நெல்லில் ஏறிச் சரசரத்ததில் முழித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தார். நெல்லுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால். வண்டி குலுங்கியதும் பிள்ளைகள் ஓவென்று கத்திச் சிரித்தார்கள். நெல்லுக்குச் சொந்தக்காரர் ஓடிவந்து திட்டினார். அந்தத் திட்டு எதுவும் மீரா உசேன் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவி நிலோஃபரிடம் மட்டும் சொன்னார்.

"இனிமே ஒரு நாள்கூட தூக்கம் கெடக் கூடாது, நிலோ. தூங்கியே ஆகணும்."

அந்த வைராக்கியம்தான் வினையாகிப் போனது. ராத்திரி இஷா தொழுத கையோடு படுக்கப் போனார். சாயங்கால டீயை விட்டார். டிவியை அணைத்தார். கசகசா அரைத்துப் போட்ட பால், தலைக்கு நல்லெண்ணெய், அடுத்த ரூமுக்குப் போன செல்போன் என்று வீடே அவர் தூக்கத்துக்குக் காவல் நின்றது. தூக்கம் மட்டும் வரவில்லை. தலையணையைப் பார்த்ததுமே நெஞ்சு படபடத்தது. இப்போது தூங்கினால்கூட இவ்வளவு நேரம்தான் கிடைக்கும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பிக்கும். போடப் போட இருந்த கொஞ்ச மயக்கமும் கலைந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தால் தலை தானாகத் தொங்கும். "உள்ள போய்ப் படுங்க" என்று நிலோஃபர் எழுப்பி அனுப்புவாள். பாயில் சாய்ந்ததும் கொட்டக் கொட்ட முழித்துக் கிடப்பார்.

தூக்கம் வராத விஷயம் வெளியே கசிந்தது. டீக்கடைக்காரர் கேட்டார், "நேத்தாவது தூங்குனீங்களா பாய்?" திருச்சியில் படிக்கிற மகள் ரிஃப்கா தினமும் போன் பண்ணி, "அத்தா, தூங்குனீங்களா?" என்பாள். பரீட்சையில் ஃபெயிலான பையனைப் போல அவர் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார்.

ஒரு நாள் காலையில் கண் எரிச்சலோடு எழுந்தவர், நேரே போய் வேன் சாவியை நிலோஃபரின் அண்ணன் ஃபஹதின் கையில் வைத்தார். ஃபஹத் ஷார்ஜாவில் பஸ் ஓட்டிவிட்டு ஊரோடு வந்துவிட்டவன்.

"கொஞ்ச நாளைக்கு நீ ஓட்டு மச்சான். புள்ளைங்க ஏறுற வண்டி. எனக்கு என் மேலயே நம்பிக்கை இல்ல."

ஃபஹத் வாங்கிக்கொண்டான். வேன் தெருமுனை திரும்பும் வரைக்கும் மீரா உசேன் வாசலில் நின்று பார்த்தார். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது.

அன்றைக்கே நிலோஃபர் அவரைக் கும்பகோணத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் பிரகதீஸ்வரி எல்லாம் கேட்டுவிட்டு, "எப்ப படுக்கிறீங்க?" என்றார்.

"இஷா தொழுததும் படுத்துடுவேன்."

"தூக்கம்?"

"ரெண்டு மணிக்கு மேலதான் வருது."

"அது வரைக்கும் பாயில என்ன பண்றீங்க?"

"தூங்கத்தான் பாக்குறேன்."

டாக்டர் சிரித்தார். "பசியில்லாம இலை முன்னாடி உக்காந்திருக்கீங்க. சோத்தப் பாத்தாலே பயம் வந்துடுச்சு. கொஞ்ச நாளைக்கு நடுராத்திரிக்கு முன்னாடி பாயிலயே ஏறாதீங்க. எப்ப தூங்கினாலும் விடியக்காலை சுபுஹு பாங்குக்கு எந்திரிச்சிடணும். பகல்ல படுக்கக் கூடாது. பாயில தூக்கம் வரலைன்னா எந்திரிச்சு வந்துடுங்க. நான் சொல்ற வரைக்கும் வண்டிய மட்டும் தொடாதீங்க."

"தூக்கம் இல்லைன்னுதானே வந்தேன்? இன்னும் முழிச்சிருக்கச் சொல்றீங்களே!"

"ஆமா. முழிச்சிருங்க."

முதல் வாரம் பெரும்பாடு. பகலெல்லாம் தலை கனத்தது. சும்மா கிடந்த கதவின் மேலெல்லாம் கோபம் வந்தது. ராத்திரி நேரத்தை ஓட்டுவதுதான் பெரிய பாடு. நிலோஃபர் ஜவுளிக்கடைகளுக்குப் புடவை ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பவள். அவள் மிஷினில் உட்கார, இவர் எதிரே புடவை நுனியைப் பிடித்துக் கொடுத்தார். வெளியே ஐப்பசி மழையும் தவளைச் சத்தமும்.

ஒரு நாள் தைத்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"ஒண்ணு சொல்லட்டா? இத்தனை நாளா நானும் தூங்கலைங்க."

"என்னது?"

"நீங்க தூங்குற மாதிரி நடிப்பீங்க. நான் கவலைப்படுவேன்னுதானே? அது எனக்குத் தெரியும். நீங்க வருத்தப்படக் கூடாதுன்னு நானும் தூங்குற மாதிரி நடிச்சேன்."

மீரா உசேன் புடவை நுனியை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே பாயில் ஆளுக்கொரு பக்கம் திரும்பி, வாரக்கணக்கில் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். அவருக்கு என்னவோ நெஞ்சில் ஏறியிருந்த பாரம் ஒன்று இறங்கினாற்போல் இருந்தது.

"எனக்கு ஒரு உதவி பண்ணு, நிலோ. காலையில தூங்குனீங்களான்னு மட்டும் கேக்காத. ரிஃப்காகிட்டயும் சொல்லிடு."

அடுத்த வாரம் தூக்கம் முன்னதாகவே வந்து கண்ணை அழுத்த ஆரம்பித்தது. பாயை நோக்கிப் போனவரை நிலோஃபர் மறித்து, "இன்னும் டாக்டர் சொன்ன நேரம் ஆகலை, முகத்தைக் கழுவிட்டு வாங்க" என்று துரத்தினாள். தூங்கவே முடியாத மனுஷன் தூங்க விடச் சொல்லிக் கெஞ்சினார்! கடைசியில் படுத்தவர் எப்போது தூங்கினார் என்று அவருக்கே தெரியாது. பாங்குச் சத்தம்தான் எழுப்பியது.

அப்புறமும் நடுவில் இரண்டு மூன்று ராத்திரி கெட்டுத்தான் போனது. எழுந்து வந்து அடுப்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்தார். கண் சொக்கியதும் போய்ப் படுத்தார். டாக்டர் படுக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளினார். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது வண்டியை எடுக்கச் சொன்னார். வேனில் ஏறிய பிள்ளைகளில் ஒருத்தி, "ஃபஹத் அங்கிள் பாட்டுப் போடுவாங்க, நீங்களும் போடணும்" என்று கறாராகச் சொன்னாள். போட்டார்.

ரமலான் நெருங்க நெருங்க மட்டும் உள்ளுக்குள் பழைய பயம் எட்டிப் பார்த்தது. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்தால் தூக்கம் இரண்டாக உடையுமே. ஃபஹதிடம் போய்ச் சொன்னார்.

"என்னைக்காவது கண்ணு அசதியா இருந்தா போன் பண்ணுவேன் மச்சான். நீ எடுத்துக்கணும்."

"இதுக்கெல்லாமா மச்சான் கேக்கணும்?"

நோன்பு மாதத்தில் இரண்டு காலை அப்படிப் போன் போனது. ஃபஹத் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போனான். இந்தத் தடவை மீரா உசேன் வாசலில் நிற்கவில்லை. வேன் கிளம்பும் சத்தம் கேட்கும்போது அவர் பின்கட்டில் நிலோஃபரோடு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.