ஏரியைச் சுற்ற ஒரு மணி நேரம்

மண்ணெண்ணெயில் நனைத்த துணியால், நகக்கண்ணில் ஏறியிருந்த சிவப்புப் பெயிண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் ஸ்தானோய்க்கா. துர்மிதோர் மலை ஏரியைச் சுற்றிப் போகும் பாதைக்கு இருபத்தேழு வருஷமாக வழிக்குறி போடுகிறவள் அவள்தான். பனி உருகியதும் பைன் மரங்களில் சிவப்பு வட்டம், நடுவில் வெள்ளைப் பொட்டு. இன்று காலை அந்தப் பாதையில் அக்கரையில் வரும் மரப்பாலத்தின் கைப்பிடிக்கும் இரண்டு பூச்சு கொடுத்துவிட்டு வந்திருந்தாள். உருகுபனியில் அந்தப் பலகை வழுக்கும். கைப்பிடியைப் பிடிக்காமல் யாரும் தாண்ட முடியாது.

காப்பியைக்கூட நின்றுகொண்டே குடிக்கிறவள். இன்றைக்கு நிற்கவும் முடியவில்லை. ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். புருஷன் மிலின்கோவுக்கு மாரடைப்பு வந்து நாலு மாதம்தான் ஆகிறது, அதற்குள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலைமேல் மேய்ச்சலுக்குப் போயே தீருவேன் என்கிறான். நாலு மணி நேர ஏற்றம். அங்கே விழுந்தால் தூக்கிவர ஆள் கிடையாது. நேற்று சாப்பாட்டு மேசையில் பேச்சு முற்றி, அவள் சொல்லிவிட்டாள்.

“முதல்ல ஏரிய ஒரு மணி நேரத்துல சுத்திட்டு வா. அப்புறம் போ, நான் குறுக்க நிக்கல.”

“குதிகால் செருப்புப் போட்டுக்கிட்டுப் பட்டணத்துக்காரிங்க உலாத்துற பாதை. அதுலயா எனக்குப் பரீட்சை?”

“அவளுங்களுக்கு நெஞ்சு நல்லா இருக்கு.”

இன்று அவள் பட்டியில் இருந்த நேரம் பார்த்து ஏரியைச் சுற்றக் கிளம்பிவிட்டான். பெயிண்ட் ஈரம் என்று சொல்லக்கூட முடியவில்லை. கோட்டெல்லாம் பூசிக்கொண்டு வந்து நிற்பானே என்று இன்னொரு துணியையும் நனைத்து வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

கதவு திறந்தது.

“அம்பத்தாறு நிமிஷம்! நல்லாப் பாத்துக்கடி கடிகாரத்த.”

மூச்சு வாங்கவில்லை. அவளுக்கு உடம்பே லேசானதுபோல் இருந்தது.

“பாலம் வழுக்கிச்சா?”

“வழுக்காம? கைப்பிடிய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுல்ல வந்தேன்.”

துணியை நீட்டினாள். “இந்தா, கையத் துடை.”

“எதுக்கு? சுத்தமாத்தான இருக்கு?” இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினான்.

சுத்தமாகத்தான் இருந்தன. கால்சட்டையின் பின்பக்கத்தில் மட்டும் பைன் பிசின் அப்பியிருந்தது.

ஸ்தானோய்க்கா தன் சிவந்த விரல்களை மேசைமேல் வைத்தாள். “காலையில அந்தக் கைப்பிடிக்கு நான் பெயிண்ட் அடிச்சேன், மனுஷா. இன்னும் காஞ்சிருக்காது. எந்தக் கட்டையில உக்காந்திருந்த?”

அவன் கைகளை மூடிக்கொண்டான்.

“நெஞ்சு வலிச்சுதா?”

மேய்ச்சலுக்குக் கொண்டுபோக, ஆடுகளுக்கென்று அவன் கட்டிவைத்த உப்பு மூட்டை கதவை மறித்துக் கிடந்தது. தொப்பியை எடுத்தான். மூட்டையைத் தூக்கவில்லை, காலால் ஓரமாகத் தள்ளினான்.

“மிலின்கோ, வலிச்சுதான்னு கேட்டேன்.”

வெளியே போய், கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.